பிளாக்கர் சைட்பாரில் ‘இதே லேபிளில் மற்றவை’ விட்ஜெட்: தமிழ் லேபிள் என்றால் காலியாக வருகிறது

சமையல்கட்டு

வணக்கம். சமையல் வலைப்பூ ஒன்றின் சைட்பாருக்கு (பக்கவாட்டுப் பத்திக்கு) விட்ஜெட் (பிளாக்கர் மொழியில் கேட்ஜெட்) செய்துகொண்டிருக்கிறேன். பிளாக்கர், பழைய ‘சிம்பிள்’ தீம். இடுகைகள் 600-க்கு மேல், லேபிள்கள் (இடுகையின் வகைப்பெயர்கள்) எல்லாம் தமிழில்: குழம்பு, கூட்டு, துவையல், பக்‌ஷணம் இப்படி.

வேண்டியது இதுதான். ஒரு இடுகையைத் திறந்தால், அதே லேபிளில் உள்ள வேறு 5 இடுகைகள் சின்னப் படம், தலைப்பு, தமிழ்த் தேதியோடு சைட்பாரில் வர வேண்டும். பிளாக்கர் தரும் ‘பாப்புலர் போஸ்ட்ஸ்’ கேட்ஜெட் லேபிளைப் பார்ப்பதில்லை. வத்தக்குழம்பு படிக்கிறவருக்கு ஜிலேபியைக் காட்டுகிறது.

இணையத்தில் கிடைத்த ஒரு பழைய ஸ்கிரிப்டை ஹெச்டிஎம்எல்/ஜாவாஸ்கிரிப்ட் கேட்ஜெட்டில் போட்டுத் திருத்திப் பார்த்ததில் நிற்கும் சிக்கல்கள்:

ஒன்று, இடுகையின் லேபிளை எடுக்க டேட்டா-போஸ்ட்-லேபிள்ஸ் என்ற தீம் டேகைக் கேட்ஜெட்டுக்குள் எழுதினால் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு, சரி என்று இடுகையின் அடியில் உள்ள லேபிள் இணைப்பிலிருந்து பெயரை வெட்டி எடுத்து, முகவரிக்கேற்ற குறிகளாக மாற்றும் என்கோட்-யூஆர்ஐ-காம்பொனென்ட் போட்டு, இடுகைப் பட்டியலைத் தரும் ஃபீடைக் கேட்டால் பதில் வருகிறது, ஆனால் இடுகை ஒன்றும் இல்லை. ஆங்கில லேபிள் வைத்துச் சோதித்தால் சரியாக வருகிறது. மூன்று, தலைப்பை 20 எழுத்தில் வெட்டினால் ‘கொத்துமல்லித் துவையல்’ என்பது ‘கொத்துமல்லித் துவையல…’ என்று புள்ளி போய் நிற்கிறது. நான்கு, படங்கள் மங்கல். சிலவற்றுக்குப் படமே இல்லை. ஐந்து, கைப்பேசியில் விட்ஜெட் வருவதேயில்லை.

எதில் தொடங்குவது?

---

நள்ளிரவு நிரலி

முதலில் ஒரு முன்குறிப்பு. இங்கே கோடை அப்படியே ஒட்டினால் நேர் மேற்கோள்கள் சுருட்டை மேற்கோள்களாக மாறிவிடும். அதை எடுத்து கேட்ஜெட்டில் ஒட்டினால் முதல் வரியிலேயே பிழை விழும். அதனால் பெயர்களைத் தமிழில் எழுதி, என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் முதல் சிக்கல் எல்லாரும் விழும் குழி. தீமின் எக்ஸ்எம்எல் கோப்பை பிளாக்கர் சர்வர் படித்து, டேட்டா டேகுகளையும் பி-இஃப், பி-லூப் போன்றவற்றையும் நிரப்பித் தருகிறது. ஹெச்டிஎம்எல்/ஜாவாஸ்கிரிப்ட் கேட்ஜெட்டில் நீங்கள் எழுதுவது அந்தத் தீமுக்குள் செருகப்படும் வெறும் சரக்கு. சர்வர் அதைப் பிரித்துப் பார்க்காது. அப்படியே உலாவிக்கு அனுப்பிவிடும். டேகை எத்தனை விதமாக மாற்றி எழுதினாலும் பலன் இல்லை. தீமுக்குள்ளேயே போய் அந்த விட்ஜெட்டின் மெயின் இன்க்ளூடபிளில் (வார்ப்புருத் துண்டில்) எழுதினாலும் போஸ்ட் விவரம் கிடைக்காது. அது இடுகைகளைக் காட்டும் ‘பிளாக்’ விட்ஜெட்டின் லூப்புக்குள் மட்டும் உயிரோடு இருக்கும் மாறி. சைட்பார் விட்ஜெட்டுக்கு அது தெரியாது.

ஆகவே லேபிளைப் பக்கத்திலிருந்தே எடுப்பதுதான் சுலபம். நீங்கள் போன வழி சரி, ஒரு படி அதிகம் போய்விட்டீர்கள். இடுகையின் அடியில் உள்ள லேபிள் இணைப்புகளில் ரெல்=டேக் என்று இருக்கும். அந்த இணைப்பின் முகவரியில் ‘சர்ச்/லேபிள்/’ என்பதற்குப் பிறகு வரும் பகுதி ஏற்கெனவே விழுக்காட்டுக் குறிகளாக மாற்றப்பட்டது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட், முகவரியில் 9 குறிகள். அதை மறுபடி என்கோட் செய்தால் ஒவ்வொரு % குறியும் %25 ஆகிவிடும். சர்வர் ஒருமுறைதான் அவிழ்க்கும். அவிழ்த்தபின் அதன் கையில் இருப்பது ‘குழம்பு’ அல்ல, விழுக்காட்டுக் குறிகளின் ஒரு வால். அப்படி ஒரு லேபிள் இல்லை, அதனால் காலி. ஆங்கில லேபிளில் என்கோட் செய்ய ஒன்றும் இல்லாததால் பிழை வெளியே தெரியவில்லை. உலாவியின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் தாவலைத் திறந்து, போன முகவரியில் %25 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதுதான் காரணம்.

செய்ய வேண்டியது: இணைப்பின் முகவரியை ‘/லேபிள்/’ என்ற இடத்தில் பிளந்து, பின்பாதியை எடுத்து, அதில் கேள்விக்குறி இருந்தால் அதோடு வெட்டி, அப்படியே ஃபீட் முகவரியில் ஒட்டுங்கள்.

ஃபீட் முகவரி இப்படி அமைய வேண்டும்:

/ஃபீட்ஸ்/போஸ்ட்ஸ்/சம்மரி/-/லேபிள்?ஆல்ட்=ஜேசன்&மேக்ஸ்-ரிசல்ட்ஸ்=6

இதில் நான்கு விஷயம். அது சாய்கோட்டில் தொடங்குகிறது, வலைப்பூவின் முழுப் பெயர் இல்லை. முழு முகவரி எழுதினால், நாளை சொந்த டொமைனுக்கு மாறும்போது பழைய முகவரி ரீடைரக்ட் ஆகி, ஃபெட்ச் (ஸ்கிரிப்ட் அனுப்பும் கோரிக்கை) வேறு தளத்துக்குப் போவதாக எண்ணி உலாவி தடுத்துவிடும். பழைய ஸ்கிரிப்டுகளில் ஹெச்டிடிபி என்று எஸ் இல்லாமல் இருந்தாலும் இதே கதிதான். இன்னும் சிலவற்றில் பிளாக்ஸ்பாட் டாட் இன் முகவரியே இருக்கும். அந்த டொமைன் 2020-இல் கூகுளின் கையை விட்டுப் போய்விட்டது. அதை எங்கே கண்டாலும் அழித்துவிடுங்கள்.

அடுத்தது ‘சம்மரி’. ‘டிஃபால்ட்’ என்று கேட்டால் ஒவ்வொரு இடுகையின் முழு உள்ளடக்கமும் வந்து இறங்கும். 5 தலைப்புக்காக ஆறு முழுக் கட்டுரைகளை இறக்குவது வீண்.

மூன்றாவது, 5 வேண்டும் என்றால் 6 கேளுங்கள். திறந்திருக்கும் இடுகையும் அந்த லேபிளில்தானே இருக்கும். அதைக் கழிக்க வேண்டும். கழிக்கும்போது முழு முகவரியை ஒப்பிடாதீர்கள். கைப்பேசியில் வாலில் ?எம்=1 ஒட்டிக்கொள்ளும், ஒப்பீடு தோற்கும். பாத்நேம் பகுதியை (தளப் பெயருக்கும் கேள்விக்குறிக்கும் இடைப்பட்டதை) மட்டும் ஒப்பிடுங்கள்.

நான்காவது, அமைப்புகளில் எப்போதோ ஃபீட் ரீடைரக்டுக்கு ஃபீட்பர்னர் (கூகுளின் ஃபீட் சேவை) முகவரி கொடுத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அல்லது முகவரியின் முடிவில் &ரீடைரக்ட்=ஃபால்ஸ் சேருங்கள். ‘அலோ பிளாக் ஃபீட்’ என்பது ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்று இருந்தால் எந்த விட்ஜெட்டும் வேலை செய்யாது.

பதில் வந்தபின்: ஃபீட் என்ற பொருளுக்குள் என்ட்ரி என்ற வரிசை இருக்கும். அந்த லேபிளில் இடுகையே இல்லையென்றால் காலி வரிசை வராது, என்ட்ரி என்ற பெயரே இருக்காது. நேராக அதன் நீளத்தைக் கேட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே விழும். ‘என்ட்ரி அல்லது காலி வரிசை’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தலைப்பு, என்ட்ரி-டைட்டிலுக்குள் $டி என்ற பெயரில். இணைப்புக்கு லிங்க் என்ற வரிசை இருக்கும். பழைய ஸ்கிரிப்டுகள் எல்லாம் ‘லிங்க்[4]’ என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும். பின்னூட்டம் மூடிய இடுகையில் அந்த எண் மாறிவிடலாம். வரிசை முழுவதையும் சுற்றி, ரெல் என்பது ‘ஆல்டர்நேட்’ ஆக இருப்பதை எடுங்கள்.

உங்கள் பழைய ஸ்கிரிப்டில் டாக்குமென்ட்-ரைட் இருக்கும் என்று பந்தயமே கட்டலாம். அதைத் தூக்கி எறியுங்கள். பக்கம் முழுக்க ஏறியபின் அது ஓடினால் பக்கத்தையே துடைத்துவிட்டுத் தன்னை மட்டும் எழுதும். கேட்ஜெட்டில் காலியாக ஒரு டிவ் வையுங்கள், ஐடி கொடுங்கள், கிரியேட்-எலிமென்ட் கொண்டு அதற்குள் கட்டுங்கள். தலைப்பை இன்னர்-ஹெச்டிஎம்எல் வழியாகப் போடாமல் டெக்ஸ்ட்-கன்டென்ட் வழியாகப் போடுங்கள். ‘10 < 15 நிமிட டிபன்’ என்று யாராவது தலைப்பு வைத்தால் அப்போது புரியும் ஏன் என்று.

கடைசியாக, இது முகப்பில் ஓடக்கூடாது. அங்கே பத்து இடுகைகளின் லேபிள்கள் கிடக்கும், முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். இடுகையின் பாத்நேம் எப்போதும் நான்கு இலக்க ஆண்டு, இரண்டு இலக்க மாதம் என்று தொடங்கும். அந்த வடிவம் பொருந்தாவிட்டால் விட்ஜெட்டையே மறைத்துவிடுங்கள். சில தீம்களில் சைட்பார் மூலத்தில் இடுகைக்கு முன்னாலேயே வரும். அதனால் எல்லாவற்றையும் டாம்-கன்டென்ட்-லோடட் நிகழ்வுக்குப் பிறகு ஓட்டுங்கள். இல்லையென்றால் லேபிள் இணைப்பு பிறப்பதற்கு முன்பே தேடிவிட்டு ‘இல்லை’ என்று திரும்பிவிடும்.

---

துணையெழுத்து

தலைப்பு வெட்டும் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

‘கொத்துமல்லித் துவையல்’, நம் கண்ணுக்கு 11 எழுத்து, ஓர் இடைவெளி. ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் 21. கொ என்பது க-வும் ொ-வும் சேர்ந்து 2. த் என்பது த-வும் புள்ளியும், 2. ம, ய இரண்டும்தான் ஒற்றையாக நிற்பவை. 20-இல் வெட்டினால் கடைசி ‘ல்’-இன் புள்ளி மட்டும் கழன்று ‘துவையல’ ஆகிறது. கத்தி சரியாகத்தான் வெட்டியிருக்கிறது, எண்ணிய அலகுதான் தப்பு. இன்னும் மோசமான இடமும் உண்டு: ‘கொ’ என்பதை ெ, ா என இரண்டு குறியாகத் தட்டியிருந்தால், நடுவில் வெட்டு விழுந்து ‘கெ’ ஆகிவிடும். கொழுக்கட்டை கெழுக்கட்டையாகும்.

தீர்வு மூன்று, என் விருப்ப வரிசையில்:

வெட்டவே வேண்டாம். முழுத் தலைப்பையும் போட்டு, சிஎஸ்எஸ் லைன்-கிளாம்ப் 2 என்று கொடுங்கள். மீதியை உலாவி மறைத்து முப்புள்ளி வைக்கும். எழுத்தை உடைக்காது. தேடுபொறிக்கும் திரைவாசிப்பானுக்கும் முழுத் தலைப்பு கிடைக்கும். டிஸ்ப்ளே-வெப்கிட்-பாக்ஸ், பாக்ஸ்-ஓரியன்ட்-வெர்ட்டிக்கல், ஓவர்ஃப்ளோ-ஹிடன் மூன்றும் கூடவே இருந்தால்தான் இது வேலை செய்யும்.

இதில் தமிழுக்கென்று ஒரு பொறி: லைன்-ஹைட். ஆங்கில தீம்களில் 1.2, 1.3 என்று இருக்கும். ஓவர்ஃப்ளோ-ஹிடன் போட்டதும் முதல் வரியின் ‘ழீ’-இன் மேல்சுழி, கடைசி வரியின் ‘ஞூ’, ‘ணூ’-வின் கீழ்வால் எல்லாம் பெட்டியின் விளிம்பில் சீவப்படும். 1.6 வையுங்கள். அடியில் 2 பிக்சல் பேடிங்கும் கொடுங்கள்.

கட்டாயம் வெட்டத்தான் வேண்டுமென்றால், இன்டல்-செக்மென்டரை ‘கிராஃபீம்’ அலகில் எடுத்துக்கொண்டு எண்ணுங்கள். அது கொ, த், து என்று நாம் எண்ணுகிற மாதிரியே பிரிக்கும். குரோமில் 2020 முதலே இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது. அதனால் ‘இருந்தால் மட்டும்’ என்ற சோதனையோடு எழுதுங்கள்.

மூன்றாவது, சோம்பேறி வழி: 30 குறி வரை எடுத்து, கடைசி இடைவெளியில் வெட்டுவது. நீண்ட புணர்ச்சிச் சொல் ஒன்றே 30-ஐத் தாண்டினால் இடைவெளியே இருக்காது, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒடுங்கிய சைட்பாரில் நீண்ட சொல் வெளியே துருத்தினால் ஓவர்ஃப்ளோ-ராப் என்பதை பிரேக்-வேர்ட் ஆக்குங்கள். வேர்ட்-பிரேக்கை பிரேக்-ஆல் ஆக்காதீர்கள். அது எல்லாச் சொல்லையும் விளிம்பில் உடைத்து, ஒரு வரியை ‘ட்’டில் தொடங்க வைக்கும். அச்சகத்தில் அப்படிக் கோத்தால் புரூஃப் பார்ப்பவர் சிவப்பு மையைக் கொட்டியிருப்பார்.

தேதிக்கு: என்ட்ரி-பப்ளிஷ்ட் $டி-யை டேட் ஆக்கி, டு-லோக்கல்-டேட்-ஸ்டிரிங்கில் டிஏ-ஐஎன் மொழிக்குறி கொடுத்து, மாதம் ‘லாங்’ என்றால் ‘15 மார்ச், 2024’ என்ற வடிவில் வரும். டைம்-ஜோனை ஏசியா/கொல்கத்தா என்று சேர்த்தே எழுதுங்கள். இல்லையென்றால் நம் ஊரில் காலை 6 மணிக்கு ஏற்றிய இடுகை டொராண்டோவில் இருப்பவருக்கு முதல் நாள் தேதியில் தெரியும். பொங்கல் இடுகைக்குப் போகித் தேதி.

---

தாழ்வாரம்

படமும் கைப்பேசியும்.

ஃபீட் தரும் மீடியா$தம்நெயில் (சின்னப் படம்) முகவரி 72 பிக்சல் அளவுக்கானது. அதை 72 பிக்சல் பெட்டியில் போட்டாலும் இப்போதைய கைப்பேசித் திரைக்குக் குறைந்தது இரு மடங்கு வேண்டும், அதனால் மங்கல். முகவரிக்குள் ‘/எஸ்72-சி/’ என்று ஒரு துண்டு இருக்கும், அதை ‘/எஸ்160-சி/’ ஆக்கினால் கூகுள் சர்வரே அந்த அளவில் தரும். சி என்பது சதுரமாக வெட்டச் சொல்வது.

பழைய ஸ்கிரிப்டு இதைச் செய்தும் சில படங்கள் மட்டும் மங்கலாகவே இருக்கும். காரணம், பிந்தைய இடுகைகளில் அந்தத் துண்டு ‘/எஸ்72-டபிள்யூ640-சி-ஹெச்480/’ என்பது போல நீண்டு வருகிறது. இன்னொரு வகையில் சாய்கோடே இல்லாமல், முகவரியின் கடைசியில் ‘=எஸ்72-’ என்று வருகிறது. ஆகவே ‘எஸ்72-சி’ என்ற சரத்தை அப்படியே தேடாமல் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுங்கள்: சாய்கோடு, எஸ்72, அடுத்த சாய்கோடு வரை எது இருந்தாலும். அதுபோல: சமக்குறி, எஸ்72, முடிவு வரை எது இருந்தாலும். இரண்டையும் எஸ்160-சி ஆக்கிவிடுங்கள்.

இடுகையில் முதலில் யூடியூப் காணொளி இருந்தால் தம்நெயில் யூடியூபிலிருந்து வரும், கோப்பின் பெயர் டிஃபால்ட் டாட் ஜேபிஜி, 120×90. அதை எம்க்யூடிஃபால்ட் என்று மாற்றினால் 320×180. சதுரப் பெட்டிக்கு ஆப்ஜெக்ட்-ஃபிட்-கவர் போதும்.

படமே வராத இடுகைகள்: ஒன்று அதில் படம் இல்லை, அல்லது படம் வேறு தளத்திலிருந்து இணைக்கப்பட்டிருக்கும். பிளாக்கரில் ஏற்றாத படத்துக்கு மீடியா$தம்நெயில் வராமல் போகலாம். பெயர் இல்லாததைத் தொட்டால் ஸ்கிரிப்ட் நிற்கும், முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். டிஃபால்ட் ஃபீடை இறக்கி உள்ளடக்கத்தில் படம் தேடலாம். நள்ளிரவு நிரலி சொன்ன காரணத்துக்காக நான் அதைச் செய்யமாட்டேன். தலைப்பின் முதல் எழுத்தைப் பெரிதாக ஒரு வண்ணக் கட்டத்தில் வைத்துவிடலாம், பார்க்கவும் நன்றாகவே இருக்கும். ஆனால் சரத்தின் பூஜ்யமாவது குறியை எடுத்தால் ‘கொத்துமல்லி’க்கு ‘க’தான் வரும். துணையெழுத்து சொன்ன செக்மென்டரை இங்கே கட்டாயம் பயன்படுத்துங்கள்.

படத்துக்கு விட்த், ஹைட் 72 என்று எழுதி, லோடிங்=லேஸி சேர்த்துவிடுங்கள். வெளியே உள்ள டிவ்வுக்கு மின்-ஹைட் 440 பிக்சல் மாதிரி கொடுத்துவிட்டால், விட்ஜெட் நிரம்பும்போது அதற்குக் கீழே உள்ளவை குதிக்காது.

கைப்பேசி: சிம்பிள் போன்ற பழைய தீம்களுக்கு ?எம்=1 என்ற தனி வார்ப்புரு. அதில் விட்ஜெட்டுகள் தானாக வராது. தீம் எடிட் ஹெச்டிஎம்எல் போய், உங்கள் கேட்ஜெட்டின் பி-விட்ஜெட் வரியைத் தேடுங்கள். ஐடி ஹெச்டிஎம்எல்1, ஹெச்டிஎம்எல்2 என்று இருக்கும். அந்த வரியில் மொபைல்=‘யெஸ்’ என்ற பண்பைச் சேருங்கள். கணினியிலேயே முகவரியின் முடிவில் ?எம்=1 போட்டுச் சரிபார்க்கலாம்.

அதோடு முடியவில்லை. கைப்பேசி வார்ப்புருவில் இடுகை ‘மொபைல்-போஸ்ட்’ என்ற தனி இன்க்ளூடபிளில் அச்சாகிறது. அங்கே லேபிள் வரி இல்லையென்றால் உங்கள் ஸ்கிரிப்ட் தேடும் ரெல்=டேக் இணைப்பும் இருக்காது. சாதாரண போஸ்ட் இன்க்ளூடபிளில் டேட்டா-போஸ்ட்-லேபிள்ஸைச் சுற்றும் பி-லூப் பகுதியை நகலெடுத்து, மொபைல்-போஸ்டின் அடிப்பகுதியிலும் ஒட்டுங்கள்.

தீமைத் தொடும் முன் பேக்கப் இறக்கிக்கொள்வது தெரிந்ததுதான். ஸ்கிரிப்டையே தீமுக்குள் வைக்க நினைத்தால் இன்னொன்றும் உண்டு: அது எக்ஸ்எம்எல். ஃபீட் முகவரியில் உள்ள & குறி தனியாக நின்றால் சேமிக்கும்போது ‘மேக்ஸ்-ரிசல்ட்ஸ் என்ற என்டிட்டி அரைப்புள்ளியில் முடிய வேண்டும்’ என்ற பொருளில் பிழை வரும். மேக்ஸ்-ரிசல்ட்ஸில் ஒரு குற்றமும் இல்லை, அதற்கு முன்னால் நிற்கும் & குறிதான். ஃபார் லூப்பில் உள்ள < குறிக்கும் இதே தண்டனை. ஸ்கிரிப்ட் முழுவதையும் சிடேட்டா உறைக்குள் (‘இதை எக்ஸ்எம்எல்லாகப் படிக்காதே’ என்ற குறிக்குள்) வைத்துவிட்டால் இரண்டும் தீரும். கேட்ஜெட்டில் எழுதினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

---

குறுக்குச்சால்

ஒரு மாற்றுக் கருத்து. புதிதிலிருந்து 5 என்று எடுத்தால், குழம்பு லேபிளில் 90 இடுகை இருந்தாலும் எல்லாப் பக்கத்திலும் அதே ஐந்துதான் சுற்றிச் சுற்றி வரும். 2013-இல் எழுதிய மிளகுக் குழம்பை யாரும் பார்க்கப்போவதில்லை. இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

குலுக்கி எடுத்தால் இது தீரும். முதலில் மேக்ஸ்-ரிசல்ட்ஸ்=0 என்று கேளுங்கள். இடுகை எதுவும் வராது, ஆனால் ஓப்பன்சர்ச்$டோட்டல்ரிசல்ட்ஸ் என்ற எண் வரும். அது சரமாக வரும், பார்ஸ்-இன்ட் போட்டு எண்ணாக்குங்கள். இல்லாவிட்டால் கூட்டல் ஒட்டலாகி 90-உம் 1-உம் 901 ஆகும். அதை வைத்து 1-க்கும், மொத்தம் கழித்தல் 5-க்கும் நடுவே ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, ஸ்டார்ட்-இன்டெக்ஸாகக் கொடுங்கள். 1-இல் தொடங்க வேண்டும், 0 அல்ல. மொத்தமே 6-க்குக் கீழ் என்றால் குலுக்க வேண்டாம்.

இரண்டு முறை சர்வரைக் கேட்பது உறுத்தினால் அந்த மொத்த எண்ணை மட்டும் செஷன்-ஸ்டோரேஜில் (உலாவியின் தற்காலிகச் சேமிப்பில்) லேபிள் பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த குழம்புக்குப் போகும்போது ஒரு கேள்வி மிச்சம்.

வேர்ட்பிரஸ்காரர்கள் யாராவது இந்த இழைக்கு வந்தால்: உங்களுக்கு இந்த வழி எதுவும் பொருந்தாது. 2021-இல் வந்த 5.8 பதிப்புக்குப் பிறகு அங்கே சைட்பார் விட்ஜெட்டே பிளாக் (உள்ளடக்கத் துண்டு) ஆகிவிட்டது. தனி இழை தொடங்குங்கள்.

---

சமையல்கட்டு

எல்லாருக்கும் நன்றி. நிலவரம்: முகவரியில் %25 இருந்தது, என்கோடை எடுத்ததும் குழம்பு, கூட்டு, துவையல் மூன்றிலும் நிரம்பிவிட்டது. லைன்-கிளாம்ப் போட்டாயிற்று, படங்கள் தெளிவு. ?எம்=1-இலும் வருகிறது; தாழ்வாரம் சொன்னது போல் அங்கே லேபிள் வரி இல்லை, லூப்பைச் சேர்த்தபின்தான் வந்தது.

இரண்டு மிச்சம். பக்‌ஷணம் லேபிளில் 11 இடுகைகள் இருக்க வேண்டும், சில பக்கங்களில் விட்ஜெட் இரண்டே இரண்டு காட்டுகிறது. இன்னொன்று, விட்ஜெட் சைட்பாரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க பொசிஷன்-ஸ்டிக்கி, டாப் 20 பிக்சல் கொடுத்தேன். பக்கத்தோடு மேலே போய்விடுகிறது.

---

துணையெழுத்து

லேபிள்கள் கேட்ஜெட்டை எண்ணிக்கையோடு காட்டச் சொல்லிப் பாருங்கள். அநேகமாக ‘பக்‌ஷணம் (8)’, ‘பக்‌ஷணம் (3)’ என்று இரண்டு வரி இருக்கும். மூன்று இருக்கும் லேபிளில் திறந்த இடுகையைக் கழித்தால் மீதி இரண்டு, கணக்கு சரி.

இரண்டும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. க்-க்கும் ஷ-வுக்கும் நடுவே அகலமில்லா இணைப்பறுப்பான் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. க்ஷ என்று ஒட்டிய வடிவம் வேண்டாமென்று அதைப் போடுவது உண்டு. சில தட்டச்சுச் செயலிகள் தாமாகவே போடும், சில போடாது. முகவரிப் பட்டையிலிருந்து லேபிள் இணைப்பை நகலெடுத்து ஒட்டினால் ஒன்று மற்றதைவிட 9 குறி நீளமாக இருக்கும், அதுதான் சாட்சி. ‘கொ’-வை ஒற்றைக் குறியாகவும் ெ, ா என இரண்டாகவும் தட்டியதால் பிரிந்த லேபிள்களும் இதே இனம்.

ஸ்கிரிப்டில் நார்மலைஸ் போட்டு இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். என்எஃப்சி என்ற நார்மலைஸ் முறை ‘கொ’-வைச் சேர்க்கும், ஆனால் இணைப்பறுப்பானை எடுக்காது. அப்படியே எடுத்தாலும் சர்வரில் லேபிள்கள் இரண்டாகத்தானே இருக்கின்றன, நீங்கள் கேட்பது ஏதாவது ஒன்றோடுதான் பொருந்தும். டாஷ்போர்டில் இடுகைப் பட்டியலை 3 உள்ள லேபிளுக்கு வடிகட்டி, மூன்றையும் தேர்ந்தெடுத்து, 8 உள்ள லேபிளைச் சேர்த்து, பழையதை நீக்குங்கள். இடுகை இல்லாத லேபிள் தானாக மறைந்துவிடும். இனி புதிய இடுகைக்கு லேபிளைத் தட்டாமல், பட்டியலிலிருந்து சொடுக்கி எடுங்கள்.

---

தாழ்வாரம்

ஸ்டிக்கி: அந்தப் பண்பு தன் பெற்றோர் பெட்டியின் எல்லைக்குள் மட்டும்தான் நகரும். சிம்பிள் தீமில் பத்திகள் ஃப்ளோட் முறையில் நிற்கின்றன. சைட்பார் பெட்டியின் உயரம் அதில் உள்ள விட்ஜெட்டுகளின் உயரம்தான், பக்கத்தில் இடுகை எவ்வளவு நீளமானாலும் அது வளராது. கடைசி விட்ஜெட் நகர்வதற்குப் பெட்டிக்குள் இடமே இல்லை, அதனால் பெட்டியோடு போய்விடுகிறது. மேலே ஏதாவது ஒரு பெற்றோரில் ஓவர்ஃப்ளோ-ஹிடன் இருந்தாலும் இதே விளைவு.

பத்திகளைத் தாங்கும் பெட்டியை ஃபிளெக்ஸ் ஆக்கினால் இரண்டு பத்தியும் சம உயரமாகும். ஆனால் சிம்பிள் தீமின் பத்தி அகலங்கள் எதிர்மறை மார்ஜினில் தொங்குகின்றன. அதைக் கலைத்தால் வேறு எங்கோ பிடிக்கும். ஒரு விட்ஜெட் ஒட்டி நிற்பதற்காக அந்த வேலை வேண்டாம். ஸ்டிக்கியை எடுத்துவிட்டு, லே-அவுட் பக்கத்தில் கேட்ஜெட்டை இழுத்து சைட்பாரின் முதல் இடத்தில் வையுங்கள்.